மழையை அளந்த மக்கள்

மழை பெய்தது என்பதை அறியாதார் ஊரில் எவரும் இலர். எவ்வளவு பெய்தது என்று வினவின் விடை கூற வல்லார் மிகச் சிலரே. 'நல்ல மழை' என்பார் ஒருவர்; 'பேய் மழை' என்பார் மற்றொருவர். உழவர் இவரினும் சற்று நுட்பமாகப் பேசுவர். நிலம் எத்துணை ஆழம் நனைந்தது என்பதைக் கொண்டு 'ஓருழவு மழை', 'ஈருழவு மழை' என்று கணிக்கும் வழக்கம் தமிழ் உழவரிடையே நெடுங்காலமாக உண்டு. பஞ்சாங்கமோ ஆண்டு பிறக்கும் முன்னரே இத்தனை மரக்கால் மழையென்று எழுதிவிடுகின்றது. பெய்யப் போகும் மழையை மரக்காலால் அளந்து சொல்லும் நாம், பெய்து முடிந்த மழையை அளந்து எழுதிவைக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளாமை சிறிது நகைப்புக்கு உரியதே.

மழை, நீர், காற்று, பறவை முதலியவற்றின் நிலையைப் பொதுமக்கள் தாமே முறையாகக் கவனித்துக் குறித்து, அக்குறிப்புக்களை ஆராய்ச்சியாளர்க்கு அளிக்கும் முயற்சி இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. சுற்றாடலை மக்களே கண்காணிக்கும் இம்முறை கணினியோடு பிறந்த புதுமையென்று பலர் கருதுகின்றனர். அக்கருத்துப் பொருந்தாது. அதன் வரலாற்றிற் சிறந்ததொரு பகுதி, வீட்டு முற்றத்தில் வைத்த ஒரு சிறு பாத்திரத்திலே தொடங்கியது.

மழையை அளக்கும் எண்ணம் மிகப் பழையது. கௌடிலீயம் எனப்படும் அர்த்தசாத்திரத்திலே, அரசின் களஞ்சியத்தின் முன் ஒரு முழ அகலமுள்ள வாயையுடைய பாத்திரம் ஒன்றை மழையளக்க வைத்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டுள்ளது. கொரியாவில் 1441 ஆம் ஆண்டிற் சேஜோங் மன்னன் காலத்திலே மழையளக்கும் கருவி அமைக்கப்பட்டு, அடுத்த ஆண்டில் அதன் அளவும் வடிவும் வரையறுக்கப்பெற்று மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டது. இவ்விரண்டும் அரசு அளந்த மழை. விளைச்சலையும் வரியையும் கருதி அளந்த மழை. குடிமக்கள் தாமாக அளக்கத் தொடங்கிய வரலாறு வேறு.

கருவியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். மழைமானி என்பது நேரான பக்கங்களையுடைய ஒரு பாத்திரமும், அதன் வாயில் ஒரு புனலும், உள்ளே நீரைத் தேக்கும் ஒரு கொள்கலமும் அன்றி வேறில்லை. நிலத்திற் பெய்த நீர் ஓடாமலும் ஊறாமலும் ஆவியாகாமலும் அப்படியே நின்றால் எவ்வளவு உயரம் நிற்குமோ அதுவே மழையின் அளவு. ஆகையாற்றான் மழையை நீளத்தின் அலகாகிய அங்குலத்திலும் மில்லிமீற்றரிலும் கூறுகின்றோம். புனலின் வாய்ப்பரப்பிலும் பத்திலொரு பங்கு பரப்புள்ள ஒடுங்கிய குழாயில் அந்நீரை ஊற்றினால், ஒரு மில்லிமீற்றர் மழை பத்து மில்லிமீற்றர் உயரம் நிற்கும். கண்ணால் எளிதில் வாசிக்கலாம். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீர். நம்மூர்க் கணக்கிற் சொல்வதாயின், பதினாறு பரப்பு ஓர் ஏக்கராதலின், ஒரு பரப்புக் காணியில் ஓரங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 6,400 லீற்றர் நீர் இறங்கியதாகும்.

இவ்வளவு எளிய கருவியிலும் ஒரு புதிர் இருந்தது. இங்கிலாந்தில் முதன்முதல் மழையை ஒழுங்காக அளந்தவர் றிச்சேட் ரவுண்லி என்பவர். அவர் லங்காஷயரிலே 1677 இல் அப்பணியைத் தொடங்கினார். அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், வில்லியம் ஹெபர்டன் என்னும் மருத்துவர் இலண்டனில் மூன்று மழைமானிகளை ஓராண்டு வைத்துப் பார்த்தார். ஒன்று தோட்டத் தரையில். ஒன்று வீட்டின் உச்சியில். மற்றையது வெஸ்ற்மினிஸ்ரர்த் தேவாலயத்தின் கூரைமேல். 1766 ஆடி தொடக்கம் ஓராண்டில் தரையிற் கிடைத்தது 22.608 அங்குலம்; வீட்டுச்சியில் 18.139, தேவாலயக் கூரையில் 12.099. வானத்துக்கு அண்மையிலுள்ள பாத்திரத்துக்கு ஏறக்குறைய அரைப்பங்கு மழையே வாய்த்தது! துளிகள் இறங்குந்தோறும் வழியிலுள்ள ஈரத்தை வாங்கிப் பருக்கின்றன போலும் என்று பலர் எண்ணினர். உண்மை அதுவன்று. பின்னாளிற் பொருளியலறிஞராகப் பெயர்பெற்ற ஸ்ரான்லி ஜெவன்ஸ் 1861 இல் இதனை விளக்கினார். உயரத்திற் காற்று வலிது. அது பாத்திரத்தின் விளிம்பில் மோதி மேலெழும்போது துளிகளையும் அப்பாற் கொண்டுபோய்விடுகின்றது. குறைந்தது மழையன்று, பாத்திரம் பிடித்த நீரே.

இப்புதிரினுள் ஒரு பேருண்மை அடங்கியுள்ளது. அளப்பவர் எத்துணை நேர்மையாளராயினும், ஒருவர் கூரையிலும் ஒருவர் தரையிலும் வைத்து அளந்தால் இருவர் எண்களையும் ஒப்பிடுதல் இயலாது. பலர் சேர்ந்து அளக்கும் பணியின் உயிர்நிலை கருவியிலும் இல்லை, ஆர்வத்திலும் இல்லை. எல்லோரும் ஒரே முறையிற் செய்தலிலேயே உள்ளது. இதனை நன்குணர்ந்து செயற்படுத்தியவர் ஜோர்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ்.

சைமன்ஸ் 1838 இல் இலண்டனிற் பிறந்தவர். வர்த்தக சபையின் வானிலைப் பிரிவிற் கடற்படைத் தளபதி பிற்ஸ்ரோயின்கீழ்ப் பணியாற்றிய இளைஞர். 1850 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் மழை குறைந்தது. கிணறுகளும் ஊற்றுக்களும் வற்றின. நாட்டில் மழை உண்மையாகவே குறைந்துவருகின்றதா என்ற கவலை எழுந்தது. விடை கூற வேண்டுமாயின் நாடெங்கும் பெய்த மழையின் கணக்கு வேண்டும். கணக்கு இல்லாமலில்லை, அங்கும் இங்குமாகப் பலர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தனர். அவற்றைத் திரட்டுவார் இலர். சைமன்ஸ் கடிதங்கள் எழுதினார். செய்தித்தாள்களில் வேண்டுகோள் விடுத்தார். 1860 ஆம் ஆண்டின் மழையைக் குறித்து அவர் வெளியிட்ட முதற்றொகுதியில் 168 இடங்களின் கணக்கு இருந்தது. 1863 இல் அரசுப் பணியை விட்டு இதனையே தம் வாழ்நாட்பணியாகக் கொண்டார். 1900 இல் அவர் மறைந்தபோது 3,400 இடங்களுக்கு மேலிருந்து கணக்கு வந்துகொண்டிருந்தது.

எழுதியவர் யாவர்? மதகுருமார், மருத்துவர், நிலக்கிழார், பள்ளியாசிரியர், தோட்டக்காரர், இரயில்வே ஊழியர் எனப் பலதிறத்தோர், ஆண்களும் பெண்களும், முதியோரும் இளையோரும். கூலி பெற்று எழுதியவர் சிலரே. பெரும்பாலோர் தம் பணத்திலேயே மழைமானி வாங்கினர். சாதி சமய வேறுபாடுகளிலும் குடிப்பிறப்பு வேறுபாடுகள் கடியனவாயிருந்த விக்ரோறியா அரசி காலத்து இங்கிலாந்திலே, ஒரு பிரபுவின் எண்ணும் அவர் தோட்டக்காரரின் எண்ணும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து அச்சேறின என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

சைமன்ஸ் அவர்களிடம் வேண்டியது பெரும் படிப்பன்று. மழைமானியின் விளிம்பு தரையினின்றும் ஓரடி உயரத்தில் நிற்றல் வேண்டும். மரமும் மதிலும் மறைத்தல் கூடாது. நாடோறும் காலை ஒன்பது மணிக்கு வாசித்தல் வேண்டும். எவ்வுயரம் தக்கது, வாயின் அகலம் எத்துணை வேண்டும் என்ற ஐயங்களையும் அவர் மேசையிலிருந்து தீர்க்கவில்லை. வில்ற்ஷயரில் ஒரு படைத்தலைவரும் ஹம்ஷயரில் ஒரு மதகுருவும் பல அளவான மழைமானிகளைப் பல உயரங்களில் நிரல்பட வைத்து, ஆண்டுக்கணக்காக ஒவ்வொரு காலையும் வாசித்தனர். வாயின் அகலத்தால் விளையும் வேறுபாடு சிறிது, உயரத்தால் விளைவது பெரிது என்பது அங்ஙனம் தெளிவாயிற்று. முறையை வகுத்ததிலும் பொதுமக்களின் கை இருந்தது என்பது கருதத்தக்கது.

இத்தகைய பணியில் நேரும் பிழைகள் பெரும்பாலும் பொய்யால் வருவன அல்ல; சோம்பலாலும் நல்லெண்ணத்தாலும் வருவன. ஞாயிற்றுக்கிழமை பாராதுவிட்டுத் திங்கட்கிழமை இருநாள் மழையையும் ஒருநாட் கணக்கில் எழுதுதல் ஒன்று. 'இன்று மழை இல்லையே, எழுத என்ன உண்டு?' என்று வெறுமனே விட்டுவிடுதல் மற்றொன்று. இரண்டாவது பிழை முதலாவதினும் கொடிது. வெற்றிடம் கண்டவர், அன்று மழை இல்லையா, அன்றேல் அளப்பவர் ஊரில் இல்லையா என்று எங்ஙனம் அறிவார்? பூச்சியம் என்பதும் ஓர் அளவே. வரட்சியை ஆராய்வோர்க்கு மழை பெய்த நாட்களிலும் பூச்சியம் எழுதிய நாட்களே பெரிதும் பயன்படுகின்றன.

திரட்டிய கணக்கு எதற்குப் பயன்பட்டது? அக்காலத்தில் தொழில் நகரங்கள் பெருகி, மலைநாடுகளில் அணைகட்டித் தொலைவிலிருந்து நீர் கொண்டுவர முற்பட்டன. அணையின் அளவைத் தீர்மானிக்கும் பொறியியலாளர்க்கு அம்மலையில் எவ்வளவு மழை பெய்யும் என்பது தெரிதல் வேண்டும். இங்கிலாந்தின் வடமேற்கு மலைப்பகுதியிலே சீத்வெயிற் என்னும் சிற்றூரில் இலண்டனைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் மழை பெய்கின்றது என்பதை 1840 ஆம் ஆண்டுகளிற் கண்டறிந்தவரும் அரசு ஊழியரல்லர். ஜோன் பிளெச்சர் மில்லர் என்னும் அவ்வட்டாரத்து ஆர்வலரே. சமவெளி மழையைக் கொண்டு மலைமழையைக் கணித்திருந்தாற் கணக்கு எவ்வளவு பிழைத்திருக்கும்! சைமன்ஸ் நிறுவிய அமைப்பு 1919 இல் அரசின் வானிலை அலுவலகத்தோடு இணைக்கப்பட்டது.

கதை அங்கு முடியவில்லை. மாதக் கணக்குக்களைக் கையால் எழுதிய தாள்கள், ஒரு தாளில் ஓரிடத்தின் பத்தாண்டாக, 65,000க்கு மேல் அவ்வலுவலகத்தின் சுவடிக்கூடத்திற் கிடந்தன. அவை 1677 முதல் 1960 வரையான கணக்குக்கள். கணினிக்கு அக்கையெழுத்து விளங்கவில்லை. மனிதக் கண்ணே வேண்டியிருந்தது. 2020 பங்குனியிற் கொள்ளைநோய் காரணமாக மக்கள் வீட்டினுள் அடைபட்டிருந்த வேளையில், றெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட் ஹோக்கின்ஸ் என்னும் காலநிலை அறிஞர் அத்தாள்களின் படங்களை இணையத்தில் வைத்து உதவி வேண்டினார். ஏறத்தாழ 16,000 பேர் முன்வந்தனர். ஒரே எண்ணைப் பலர் தனித்தனியே படித்து எழுதினர். எழுதியவை ஒத்தால் ஏற்கப்பட்டன. பதினாறு நாட்களில் முதற்படி வேலை முடிந்தது; ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட எண்கள் மீட்கப்பெற்றன. அதுகாறும் 1862 இல் தொடங்கிய பிரித்தானியாவின் தேசிய மழைக்கணக்கு இதனால் 1836 வரை பின்னோக்கி நீண்டது. அக்கணக்கில் மிக வரண்ட ஆண்டு 1855 என்பதும், மிக வரண்ட மே மாதம் 1844 இலே வந்தது என்பதும் வெளிப்பட்டன. நீர்த்தேக்கங்களைத் திட்டமிடுவோர்க்கு இச்செய்தி வெறும் பழங்கதையன்று. ஒருமுறை வந்த வரட்சி மறுமுறையும் வரலாம்.

அத்தாள்களிடையே நோபொக் பகுதியைச் சேர்ந்த பேயினிங் சீமாட்டியின் கணக்கும் உண்டு. அவர் 1835 முதல் 1887 வரை மழையளந்தவர். விருந்தும் கூட்டமும் நிறைந்த பருவத்துக்கு இலண்டன் செல்லும்போது தம் மழைமானியையும் உடன்கொண்டு சென்றாராம். சைமன்ஸின் விதிப்படி நோக்கின் இது குற்றமே. இடம் மாறினாற் கணக்கும் மாறும். ஆயினும் ஐம்பத்திரண்டு ஆண்டு ஒரு பாத்திரத்தைக் கைவிடாத அவ்வம்மையாரைக் குறைகூற மனம் வரவில்லை.

அரசின் நிலையங்கள் இருக்க, மக்கள் அளத்தல் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். விடையை ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள போட் கொலின்ஸ் நகரம் தந்தது. 1997 ஆடி 28 ஆம் நாள் அங்கே பெருவெள்ளம் வந்து ஐவர் மாண்டனர். நகரின் மேற்கு விளிம்பில் ஏறத்தாழ முப்பது மணி நேரத்துள் பதினான்கு அங்குலத்துக்கு மேல் மழை பெய்திருக்க, சில மைல் கிழக்கே இரண்டங்குலமும் பெய்யவில்லை. மழை ஊரெங்கும் ஒரு தன்மையாகப் பெய்வதன்று. ஒரு தெருவை நனைத்து அடுத்த தெருவை விடும். அவ்வியல்பை ஒன்றிரண்டு நிலையங்கள் எங்ஙனம் காட்டும்? மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோலன் டோஸ்கன் என்பார் வெள்ளத்தின் பின், வீட்டிலுள்ள வாளிகளிலும் பாத்திரங்களிலும் எவ்வளவு நீர் தேங்கியது என்று மக்களையே கேட்டறிந்து மழையின் படத்தை வரைந்தார். அதனின்றும் 1998 இல் ஒரு தொண்டர் வலையமைப்பு எழுந்தது. நான்கங்குல வாயுள்ள மலிவான பிளாஸ்ரிக் மழைமானியொன்றே அதன் கருவி. அது பின்னர் அந்நாட்டின் ஐம்பது மாநிலங்களுக்கும் கனடாவுக்கும் பரவியது. வெள்ள எச்சரிக்கை விடுப்போர் அவர்கள் எண்களை நாடோறும் எடுத்தாளுகின்றனர்.

மழையை அளப்பதில் யாருக்கும் பகையில்லை. குழாய்நீரை அளக்கப் புகுந்தால் நிலைமை வேறாகின்றது. மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ற் நகரம் 2014 சித்திரையிற் செலவைக் குறைக்கும்பொருட்டு நீர்வழங்கும் மூலத்தை மாற்றி, அயலிலுள்ள ஆற்றுநீரைக் கொள்ளத் தொடங்கியது. குழாய்களை அரிக்காதபடி நீரிற் சேர்க்க வேண்டிய மருந்து சேர்க்கப்படவில்லை. பழைய ஈயக்குழாய்கள் கரைந்து ஈயம் நீரிற் கலந்தது. ஈயம் சிறுபிள்ளைகளின் மூளையைத் தாக்கும் நஞ்சு. நீர் நிறம் மாறி நாறுகின்றது என்று மக்கள் முறையிட்டனர். நீர் நன்றென்றே அதிகாரிகள் விடையிறுத்தனர். அதிகாரிகள் கையிலும் அளவுகள் இருந்தன என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. மாதிரி எடுப்பதற்கு முந்திய இரவு குழாயைச் சில நிமிடம் திறந்துவிடுமாறு வீட்டார்க்குச் சொல்லப்பட்டிருந்தது. அங்ஙனம் விட்டாற் குழாயில் தேங்கிய ஈயம் முன்னரே கழுவுண்டு போய்விடும். கூரைமேல் வைத்த மழைமானியின் கதையே இதுவும். அங்கே காற்றுச் செய்ததை இங்கே மனிதர் செய்தனர்.

2015 இல் வேர்ஜீனியா தொழினுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் 300 வீடுகளுக்குப் போத்தல்களையும் தெளிவான அறிவுரையையும் அளித்தனர். நீர் ஆறு மணி நேரமேனும் குழாயில் அசையாது நிற்க வேண்டும். திறந்தவுடன் முதற்போத்தல், சிறிது ஓடவிட்டு இரண்டாவது, பின்னும் ஓடவிட்டு மூன்றாவது. நகர மக்களே போத்தல்களைப் பகிர்ந்தும் திரட்டியும் அனுப்பினர். 250 வீடுகளுக்கு மேலிருந்து மாதிரிகள் திரும்பின. நடவடிக்கை எடுக்க வேண்டிய எல்லை லீற்றருக்கு 15 மைக்கிரோகிராம் ஈயம். பத்து வீடுகளுள் ஒன்றில் 25க்கு மேல் இருந்தது. பிள்ளைகளின் குருதியிலும் ஈயம் கூடியிருத்தலை ஒரு குழந்தை மருத்துவர் காட்டினார். 2015 ஐப்பசியில் நகரம் பழைய நீர்மூலத்துக்கு மீண்டது. பிளின்ற் மக்கள் ஆய்வுகூட வேலையைத் தாமே செய்தாரல்லர். ஈயத்தின் அளவைக் கண்டது பல்கலைக்கழகக் கருவி. ஆனால் எந்த ஆய்வாளரும் முந்நூறு வீட்டுச் சமையலறைகளில் விடியற்காலையில் நிற்றல் இயலாது. மக்கள் அளத்தல் அறிஞர் பணிக்கு மாற்றன்று. அவர் கண் எட்டா இடத்துக்கு எட்டும் கண் அது. தொண்டர் இருக்கின்றார் என்று காட்டித் தன் நிலையங்களை ஓர் அரசு மூடுமாயின் அதுவும் நேர்மையாகாது.

நம் நாட்டில் இவ்வழக்கம் முற்றும் புதியதன்று. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் பல பத்தாண்டுகளாக மழைக்கணக்கு வைத்து வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு அளித்துவந்துள்ளன. வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கோ அளக்க வேண்டிய மற்றொன்று உண்டு, அது கிணறு. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கற் பாறையினுள் இறங்கி, கடலிலிருந்து ஊறிய உவர்நீரின்மேல் நன்னீராக மிதக்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் இலேசானது. ஒல்லாந்தரான கைபனும் சேர்மனியரான ஹேர்ஸ்பேக்கும் கண்ட கணக்கின்படி, கடன்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறைந்தாற் கீழிருந்து உவர் நாற்பதடி எழத் தலைப்படும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலை நாம் அறிவோம். ஆகவே கிணற்றின் நீர்மட்டத்தில் ஓரங்குலம் என்பது சிறிதன்று.

அதனை அளத்தல் மழையை அளத்தலினும் எளிது. கிணற்றுக்கட்டில் ஓரிடத்தில் அழியாத குறியிட்டு, அளவுநாடாவின் நுனியிற் கனம் கட்டி, அடிப்பகுதியிற் சுண்ணக்கட்டி பூசி இறக்கினால், நனைந்த இடம் நிறம் மாறிக் காட்டும். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், விடியற்காலையில், நீரிறைக்கும் இயந்திரம் ஓடுமுன் அளத்தல் வேண்டும். இறைத்தபின் அளந்தால் அது அயல்வீட்டுப் புகையிலைத் தோட்டத்தின் கணக்கேயன்றிப் பூமியின் கணக்காகாது. ஒரு வகுப்பில் முப்பது மாணவர் இருப்பின் முப்பது கிணறுகள்; வெவ்வேறு ஊர்கள்.

மழைமானிக்குக் கல்லூரி வளவிலேயே இடம் உண்டு. அயலிலுள்ள எக்கட்டடத்தினின்றும் மரத்தினின்றும் அதன் உயரத்தைப்போல் இருமடங்கு தூரம் விலகியிருத்தல் வேண்டும். விளையாட்டு மைதானத்தின் ஓரமூலை ஒன்று போதும். பந்தும் ஆடும் அணுகாதபடி கம்பிவேலி வேண்டும். விடுமுறையில் வாசிப்பவர் யார் என்பதை மட்டும் முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். மார்கழி விடுமுறையும் பெருமழையும் பெரும்பாலும் ஒருங்கே வருவன.